கூரை வெப்பமும் விதைநெற் பாதுகாப்பும்

காலபோக நெல் மாசி, பங்குனி மாதங்களில் அறுவடையாகி வீடு வந்து சேர்கின்றது. அதில் விதைக்கென ஒதுக்கப்பட்ட பங்கு, ஐப்பசி மழையை எதிர்நோக்கி ஏழெட்டு மாதங்கள் காத்திருக்கின்றது. முசலிப் பகுதியில் ஆண்டின் மிக வெப்பமான நாட்களெல்லாம் இவ்விடைக்காலத்திலேயே அடங்குகின்றன. விதைத்த நெல் சரிவர முளைக்காதபோது கமக்காரர் பல காரணங்களை ஆராய்வர். அறுவடையின்போது மழை பட்டது என்பர். இனம் பழுது என்பர். வயலில் உவர் ஏறிவிட்டது என்பர். விதைச் சாக்கு அவ்வேழெட்டு மாதமும் எங்கே இருந்தது என்று வினவுவோர் சிலரே. வினவினால், பெரும்பாலும் விடை ஒன்றாகவே இருக்கும்: பரணில், தகரக் கூரைக்கு இரண்டு முழம் கீழே.

இதனால் வரும் இழப்பு சிறிதன்று. ஐந்து ஏக்கர் வயலுடைய ஒருவர் ஏக்கருக்கு 2 புசல் வீதம் 10 புசல் விதை வைத்திருக்கின்றார் எனக் கொள்வோம். நல்ல விதைநெல் நூற்றுக்கு 85 ஆயினும் முளைத்தல் வேண்டும். பரணில் இருந்த நெல் நூற்றுக்கு 55 மட்டுமே முளைக்குமாயின், அதே எண்ணிக்கையான பயிரைப் பெற அவருக்கு ஏறக்குறைய பதினைந்தரைப் புசல் தேவைப்படும். குறைந்த ஐந்தரைப் புசலை ஐப்பசி மழை விழுந்தபின் எங்கே தேடுவது? கையிலுள்ளதையே விதைத்தால் பயிர் ஐதாகும். வெற்றிடத்தைக் களை பிடித்துக்கொள்ளும். அதுவுமன்றி, வெப்பத்தால் நலிந்த விதையில் முளைப்பவையும் வலிவின்றியே முளைக்கும். மழையை மட்டும் நம்பிய வயலில் மறுபடி விதைக்கக் காலமும் இராது.

பரண் பழையது, கூரை புதியது

பரணில் விதை வைக்கும் வழக்கத்தைக் குறை கூறுதல் பொருந்தாது. எலிக்கும் கறையானுக்கும் தரை ஈரத்துக்கும் எட்டாத இடம் அதுவே என்று முன்னோர் கண்டனர். அவர்கள் கண்ட பரண் பனையோலையாலோ கிடுகாலோ வேய்ந்த கூரையின் கீழ் இருந்தது. நெல்லைச் சேமித்த கொம்பறையும் நிலத்தினின்று உயர்த்தப்பட்டு ஓலை வேயப்பட்டதே. அக்கூரையின் கீழ் நண்பகலிலும் பரணில் ஒருவர் அமர்ந்து வேலை செய்ய இயலும். தகரத்தின் கீழ் அவ்வாறு அமர்ந்து பார்த்தவர் அதனை மறவார்.

கூரை மாறியதற்குக் காரணங்கள் உண்டு. 1990 ஆம் ஆண்டு ஒக்டோபரில் இப்பகுதியின் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டனர். 2007 ஆம் ஆண்டில் முள்ளிக்குளம் மக்களும் தம் ஊரை விட்டுச் செல்ல நேர்ந்தது. 2009 இன் பின்னர் சிலாவத்துறை, பொற்கேணி, பண்டாரவெளி, மறிச்சுக்கட்டி முதலிய ஊர்களுக்குத் திரும்பியோர் காடு மண்டிய வளவுகளைத் துப்புரவாக்கி, விரைவில் எழுப்பத்தக்க வீடுகளையே முதலில் எழுப்பினர். அவற்றுக்குத் தகரமே ஏற்றதாயிருந்தது. கல்வீடு கட்டியபின் அப்பழைய தகரம் அடுக்களைக்கும் களஞ்சியத்துக்கும் கூரையாயிற்று. இவ்வாறு கூரை மாறிய போதும் பரணின் வழக்கம் மாறவில்லை. தீங்கு இங்கேதான் புகுந்தது.

வெப்பம் உள்ளே வரும் வழி

முசலியில் ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் இறுதியிலும் நண்பகற் சூரியன் நேர் உச்சியில் நிற்கின்றது. இவற்றுக்கு இடைப்பட்ட மாதங்களிலும் அது உச்சியை விட்டு வெகுதூரம் சாய்வதில்லை. ஆகவே வெயிலின் பெரும்பகுதியைத் தாங்குவது சுவரன்று, கூரையே. தெளிந்த நண்பகலில் ஒரு சதுர மீற்றர் பரப்பில் விழும் வெயிலின் வலு ஏறத்தாழ 1000 வாற்று ஆகும். 20 அடி நீளமும் 15 அடி அகலமும் உள்ள ஒரு கூரையின்மீது, 1000 வாற்று மின்னடுப்புகள் இருபத்தெட்டை ஒருங்கே மூட்டி வைத்ததற்கு இது ஒப்பாகும்.

துருவேறிய தகரம் இவ்வெயிலின் பெரும்பகுதியை உட்கொண்டு 60 பாகை செல்சியசுக்கு மேலும் சூடேறுகின்றது. தகரத்தின் தடிப்பு அரை மில்லிமீற்றரளவே ஆதலால் மேற்புறச் சூடு கணப்பொழுதில் கீழ்ப்புறத்தை அடைகின்றது. இதனைக் கடத்தல் என்பர். சூடேறிய கீழ்ப்புறம் தனக்குக் கீழுள்ள அனைத்தின்மீதும், அடுப்புத் தணல் முகத்திற் சுடுவதுபோல, வெப்பக் கதிரை வீசுகின்றது. இது கதிர்வீசல். தகரத்தைத் தொட்ட காற்றும் சூடேறி முகட்டில் தேங்குகின்றது. மேலெழும் காற்று வெப்பத்தைச் சுமந்து செல்லும் இம்முறைக்கு மேற்காவுகை என்று பெயர். பரணிலிருக்கும் சாக்குக்கு இவற்றுள் மிகுந்த கேடு செய்வது கதிர்வீசலே. வீட்டு வாயிலில் நல்ல காற்று வீசிய போதும் பரண் கொதிப்பதற்கு இதுவே காரணம். காற்று கதிரை மறிப்பதில்லை.

ஓலைக் கூரையில் நிகழ்வது வேறு. ஓலைக்கும் ஓலைக்கும் இடையில் சிறு சிறு அறைகளாகக் காற்று சிறைப்பட்டு நிற்கின்றது. அசையாத காற்று வெப்பத்தைக் கடத்த மிகவும் தயங்கும் பொருள். எனவே மேலோலை சுட்டாலும் கீழோலை சுடுவதில்லை.

விதை உயிருள்ள பொருள். உறங்கும்போதும் அது மெல்ல மூச்சுவிட்டுத் தன் சேமிப்பைச் செலவிடுகின்றது. வெப்பமும் ஈரமும் அச்செலவைப் பெருக்குகின்றன. ஹாரிங்டன் என்னும் அமெரிக்க விதையியல் அறிஞர் இதற்கு எளியதொரு கணக்கு வகுத்துள்ளார். விதையின் ஈரம் நூற்றுக்கு ஒன்று குறையுந்தோறும் அதன் ஆயுள் ஏறத்தாழ இருமடங்காகும். வைக்கப்பட்ட இடத்தின் வெப்பநிலை 5 பாகை குறையுந்தோறும் அவ்வாறே இருமடங்காகும். ஓலையின் கீழ் 32 பாகையும் தகரத்தின் கீழ் 42 பாகையும் இருக்குமாயின், தகரத்தின் கீழுள்ள நெல் அந்நேரம் முழுவதும் நான்கு மடங்கு விரைவாக மூப்படைகின்றது. ஒரு நாளின் பகற்பொழுது பெரிதாய்த் தோன்றாது. ஏழு மாதத்துப் பகற்பொழுதுகளைக் கூட்டினால் தோன்றும்.

தகரத்தின் குற்றம் பகலோடு முடிவதுமில்லை. தெளிந்த இரவில் அது வானை நோக்கி வெப்பத்தை வீசிச் சுற்றுக் காற்றினும் குளிர்ந்துவிடுகின்றது. கடலோரக் காற்றின் ஈரம் அதன் கீழ்ப்புறத்தில் பனித்துளியாய்ப் படிந்து, விடியற்காலையில் சாக்கின்மேல் சொட்டுகின்றது. பகலில் வெந்து இரவில் நனையும் விதைக்குப் பூஞ்சணம் பிடிப்பதில் வியப்பில்லை.

தடித்த சுவர் பற்றி ஒரு சொல்

அரிப்புக் கடற்கரையில் இடிந்து நிற்கும் டோரிக் மாளிகையை இப்பகுதியில் அறியாதார் இலர். முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்தற்பொருட்டு ஆளுநர் பிரெடெரிக் நோர்த் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனைக் கட்டுவித்தார். அதன் செங்கற் சுவரின் தடிப்பைக் கண்டு, தடித்த கட்டடமே குளிர்ச்சிக்கு வழி எனச் சிலர் எண்ணுவர். அது பாதி உண்மையே. செங்கல்லும் சீமெந்தும் வெப்பத்தை மறிப்பதிலும் பார்க்க அதனைத் தம்முள் வாங்கி வைத்து, பல மணி கழித்து வெளிவிடும் இயல்புடையன. பகல் குளிரும், இரவு புழுங்கும். தட்டையான கொங்கிறீற்றுக் கூரை வீட்டில் நள்ளிரவிலும் உறக்கம் வாராதது இதனாலேயே. ஆகவே கொங்கிறீற்றுக் கூரையைத் தொட்டாற்போல விதை அடுக்குதலும் தவறாகும். வெப்பத்தை மறிக்க வேண்டுவது பாரமான பொருளன்று. காற்றைச் சிறைவைக்கும் பஞ்சு போன்ற இலேசான பொருள்.

பரணில் உமி, கீழே விதை

முசலிக் கமக்காரரிடம் அத்தகைய பொருள் குறைவின்றி உண்டு. நெல் ஆலையின் பின்புறத்தில் குவிந்து கிடக்கும் உமியே அது. மரத்தூளும் இவ்வினத்ததே. 1833 ஆம் ஆண்டு அமெரிக்காவின் பொஸ்ரன் துறையிலிருந்து 'ரஸ்கனி' என்னும் பாய்க்கப்பல் 180 தொன் பனிக்கட்டியுடன் புறப்பட்டது. நான்கு மாதம் கடலில் வெயிலிற் காய்ந்து அது கல்கத்தாவை அடைந்தபோது 100 தொன் அளவு கரையாமல் எஞ்சியிருந்தது. பொறி எதுவும் அக்கப்பலில் இல்லை. மரத்தூள் போன்ற இலேசான பொருள்களை நெருக்கி அடைத்து வெப்பத்தை மறிப்பதே அவ்வணிகத்தின் இரகசியம். சென்னைக் கடற்கரையில் 1842 இல் அவ்வணிகத்திற்கென எழுப்பிய பனிக்கட்டிக் களஞ்சியம் இன்றும் வேறு பெயருடன் நிற்கின்றது. பனிக்கட்டியை நான்கு மாதம் காத்த முறை விதைநெல்லை ஏழு மாதம் காவாதா?

எனவே செய்யத்தக்கது, பரணின் ஒழுங்கைத் தலைகீழாக்குதல். பரணில் உமியைப் பரப்பி, விதையைக் கீழே அறையில் வைத்தல் வேண்டும். வெள்ளத்துக்கு அஞ்சிக் கீழே வைக்கத் தயங்குவோர் மாதக் கணக்கைச் சற்று நோக்குக. அருவியாறு பெருகுவதும் குளங்கள் வான்பாய்வதும் பெரும்பாலும் கார்த்திகை முதல் தை வரையிலாம். விதைநெல் வீட்டிலிருப்பதோ மாசி முதல் புரட்டாதி வரை. வெள்ளம் வரும்போது விதை வயலில் இருக்கும். உணவுக்கான நெல்லின் நிலை வேறு. முளைப்பு வேண்டாத அந்நெல் மாரியில் பரணேறுவதால் குற்றமில்லை.

உமியைத் தெரிவதிற் கவனம் வேண்டும். பழைய குற்றும் ஆலைகளில் உமியும் தவிடும் குறுநொய்யும் கலந்தே விழும். அது எலிக்கும் அந்துக்கும் விருந்தாகும். றப்பர் உருளை பொருத்திய ஆலையின் தனி உமியே ஏற்றது. அதனையும் ஒருமுறை தூற்றி, இரண்டு நாள் வெயிலிற் காயவைத்தல் வேண்டும். நனைந்த உமியில் சிறைப்பட்ட காற்று நீங்கி நீர் நிறைவதால் அது வெப்பத்தை மறிக்காது. ஒழுகும் கூரையை முதலில் திருத்தாமல் உமி பரப்புதல் வீண் வேலை.

கழுவி உலர்த்திய உரப்பைகளில் உமியை அரைகுறையாக நிரப்பி, வாயைத் தைத்து, மெத்தைபோற் படுக்கவைத்து நான்கு விரற்கடைக்குக் குறையாத தடிப்பில் பரண் முழுவதும் இடைவெளியின்றி அடுக்குக. இடைவெளிதான் இவ்வேலையின் பெரும் பகை. பையும் பையும் சேருமிடத்தில் ஒரு கை நுழையும் சந்து இருந்தாலும் வெப்பம் அவ்வழியே இறங்கும்; இரண்டாம் வரிசைப் பைகள் முதல் வரிசைச் சந்துகளை மூடுமாறு அமைதல் நன்று. ஒரு கன மீற்றர் உமி ஏறத்தாழ 100 கிலோ நிறையுடையது. ஆகவே 10 அடிச் சதுரமான பரணில் 10 சதம மீற்றர் தடிப்புக்கு 100 கிலோவுக்குச் சற்றுக் குறைவாகவே பாரம் ஏறும். இரண்டு மூட்டை நெல்லைத் தாங்கிய பரண் இதனையும் தாங்கும். எனினும் கறையான் தின்ற வளைகளை முன்னரே மாற்றுக.

உமி எளிதிற் சுவாலைவிட்டு எரியாது. ஆனால் ஒரு பொறி விழுந்தால் உள்ளுக்குள் கனன்று பல மணி கழித்துத் தீயாகும். அடுப்புக்கு மேலே உமிப் பை வைத்தலாகாது. மின்கம்பிகள் பரணில் ஓடுமாயின் அவற்றை உமிக்குள் புதைக்காமல், குழாயினுள் இட்டு மேலாகக் கொண்டு செல்லுதல் அவசியம்.

உமிக்கு மேலே, தகரத்துக்குக் கீழே உள்ள வெளியை அடைத்துவிடலாகாது. அங்கே தேங்கும் சூடான காற்று வெளியேற வேண்டும். முகட்டுக்குக் கீழுள்ள முக்கோணச் சுவர் இரண்டிலும் கையகலத் துளைகள் சில விட்டு, எலியும் அணிலும் புகாதவாறு கம்பிவலை அடிக்க வேண்டும். வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை வீசும் சோழகம் தென்மேற்கிலிருந்து வருவதால், அப்பக்கத்துத் தாவாரத்திலும் திறப்பு இருப்பின் காற்று தாவாரத்தால் நுழைந்து முகட்டால் வெளியேறும்.

கூரைக்கு மேலே செய்யத்தக்கவை

உமி இட இயலாத வீடுகளிலும், இட்ட வீடுகளில் மேலதிகமாகவும், வெயிலைக் கூரையிலேயே திருப்பிவிடுதல் நன்று. புதிதாகப் பூசிய வெண்மை வெயிலில் நூற்றுக்கு 70 முதல் 80 பங்கைத் திருப்பி அனுப்பும். ஓட்டுக்கும் சீமெந்துக்கும் நீற்றுச் சுண்ணாம்பே போதும். தகரத்துக்குச் சுண்ணாம்பு அடிப்போர் இரண்டு செய்திகளை அறிதல் வேண்டும். ஒன்று, சுவர்ச் சுண்ணாம்பிற் சேர்ப்பதுபோல இதில் உப்புச் சேர்த்தால் தகரம் விரைவிற் துருப்பிடிக்கும். மற்றது, புதுத் தகரத்தின் நாகப் பூச்சைச் சுண்ணாம்பே அரிக்கும். எனவே புதுத் தகரத்துக்கு வெளிப்புற வெண்பூச்சும், எப்படியும் துருவேறிவிட்ட பழைய தகரத்துக்குச் சுண்ணாம்பும் பொருத்தமாகும். சித்திரை மழை ஓய்ந்தபின் பூசினால், மழை குன்றிய இப்பகுதியில் அது விதைக்காலம் வரை பெரும்பாலும் தாங்கும். அடுத்த ஆண்டு மீண்டும் பூச வேண்டியதே.

அஸ்பெஸ்ரஸ் கூரையுடையோர் வெள்ளை அடிப்பதற்காக அதனைக் காய்ந்த நிலையிற் சுரண்டவோ, தேய்க்கவோ, அறுக்கவோ கூடாது. அதிலிருந்து எழும் தூசு நுரையீரலுக்குப் பெருந்தீங்கு செய்வது. பாசி பிடித்திருப்பின் நன்கு நனைத்து மெல்லக் கழுவி, உலர்ந்தபின் மேலே பூசுக. அஸ்பெஸ்ரஸ் தகட்டின்மேல் கால்வைத்து ஏறுதலும் ஆபத்தானது.

தகரத்தின்மேல் பனையோலை வேய்தல் பூச்சினும் சிறந்தது. ஆனால் ஓலை தகரத்தைத் தொட்டுக் கிடந்தால் மழையீரம் தங்கித் தகரம் அழியும். குறுக்கே கம்புகள் வைத்து, நான்கு விரல் இடைவெளி விட்டு அதன்மேல் வேய்தல் வேண்டும். அவ்விடைவெளியில் ஓடும் காற்றே பாதி வெப்பத்தைக் கொண்டுபோய்விடும். வேய்ந்ததை இறுகக் கட்டுதல் மிக அவசியம். 1964 டிசெம்பர்ப் புயலையும் 2020 டிசெம்பரின் 'புரெவி'யையும் மன்னார்க் கரை அறியும். அடுக்களைக் கூரைக்கு இம்முறை ஆகாது.

கடைகளில் விற்கும் அலுமினியத் தாள் விரிப்பை வாங்குவோர் பலர் அதனைத் தகரத்தோடு ஒட்டி அடித்துவிட்டுப் பயனில்லை என்று நொந்துகொள்கின்றனர். பளபளப்பான அலுமினியம் தன்மேல் விழும் வெப்பக் கதிரில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் திருப்பிவிடும். தான் வீசும் கதிரும் மிகக் குறைவு. ஆனால் அதன் முன்னே காற்று வெளி இருந்தாலன்றோ திருப்புவதற்கு இடமிருக்கும்! ஒட்டியிருந்தால் கடத்தல் மூலம் சூடு நேரே இறங்கிவிடும். தகரத்துக்கு மூன்று நான்கு விரல் கீழே, பளபளப்பான முகம் கீழ்நோக்குமாறு கட்டுக. மேல்நோக்கிய முகத்தில் தூசு படிந்து சில மாதங்களில் அதன் குணம் கெடும்.

வெங்காயத்துக்கு வேறு முறை

விதைநெல்லுக்குச் சொன்னது வெங்காயத்துக்கு முற்றும் பொருந்தாது. விதைநெல்லை நூற்றுக்கு 13 ஈரத்துக்கு உலர்த்தி, ஆறவிட்டு, மூடியுள்ள பிளாஸ்ரிக் பரலில் காற்றுப்புகாமல் அடைத்துக் கீழறையில், சுவரைத் தொடாத ஒரு பலகைமேல் வைப்பதே சிறந்தது. பல்லிடைக் கடிக்கும்போது நெல் நசியாமல் 'டக்' என்று முறிதல் வேண்டும். ஈரநெல்லைப் பரலில் அடைத்தால் சாக்கினும் விரைவாகக் கெடும். உலர்த்தும்போதும் நெல்லின் வெப்பம் 43 பாகையைத் தாண்டலாகாது. தார் வீதியில் நண்பகலிற் பரப்பிய நெல் சோற்றுக்கு உதவும், விதைக்கு உதவாது.

சின்ன வெங்காயமோ காற்றையே வேண்டுவது. பிடிபிடியாகக் கட்டி ஓலைக் கொட்டிலின் வளையில் தொங்கவிடும் பழைய வழக்கத்தினும் சிறந்ததொன்றை இப்பகுதிக்குச் சொல்ல இயலாது. 25 முதல் 30 பாகை வரையான வெப்பம் அதற்குத் தீங்கன்று; முளைவிடுதலைத் தடுக்கவும் செய்யும். 35 பாகைக்கு மேற்பட்டால் சுருங்கி நிறை குறையும். அதனோடு காற்றோட்டமும் இல்லையாயின் கரும்பூஞ்சணம் படரும். உமி மெத்தைக்குக் கீழே அடைத்த அறையில் வெங்காயம் வைத்தல் பிழை. பூசணிக்கும் இதுவே விதி.

அளந்து பார்த்தல்

இவ்வளவும் செய்தபின் பயனை அறிய ஒரு வெப்பமானி போதும். விதை இருக்கும் உயரத்திலேயே அதனைத் தொங்கவிட்டு, மூன்று நாட்கள் பிற்பகல் இரண்டு மணிக்கும் விடியற்காலை ஆறு மணிக்கும் பார்த்துக் குறித்துக்கொள்க. வேலை தொடங்குமுன்னரே ஒருமுறை பரணில் அளந்து வைத்திருந்தால் வேறுபாடு தெளிவாகும். பிற்பகல் அளவு வெளியே மரநிழலில் உள்ள அளவினும் மிகுந்திருக்குமாயின் உமியில் சந்து இருக்கின்றது, அல்லது முகட்டுக் காற்று வெளியேறவில்லை. அறை குளிர்ந்தால் நண்பகலில் அங்கே படுத்திருக்கும் முதியோரும் குழந்தைகளும் வெப்பமானிக்கு முன்னரே சொல்லிவிடுவர்.

விதையின் நிலையை ஆவணி முதல் வாரத்திலேயே சோதித்தல் வேண்டும்; விதைப்புக்கு முந்திய நாள் சோதிப்பதால் பயனில்லை. பரலின் மேல், நடு, அடி ஆகிய மூன்று இடத்திலிருந்தும் எடுத்துக் கலந்த நெல்லில் 100 மணிகளை எண்ணி, ஓர் இரவு நீரில் ஊறவைத்து, ஈரச் சாக்குத் துண்டிற் சுருட்டி நிழலில் வைக்குக. துண்டு உலராமல் நாளும் நீர் தெளித்து, ஏழாம் நாள் விரித்து, வேரும் தண்டும் நேரிதாய் விட்ட நாற்றுகளை மட்டும் எண்ணுக. 85க்கு மேலாயின் வழக்கமான அளவே விதைக்கலாம். 70 அளவாயின் ஏக்கருக்கு ஏறக்குறைய இரண்டரைப் புசல் ஆயத்தப்படுத்துக. 60க்கும் கீழாயின், மருந்து கலவாத நெல்லாக இருந்தால், அதனைச் சோற்றுக்குக் குற்றிவிட்டு, மழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கும்போதே வேறு விதைக்கு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.